பழைய சீக்கோ மணிக்கூடு: திறப்பதற்கு முதல் வாசியுங்கள்

யாழ்ப்பாணத்து அலுமாரிகளில் தேடினால் ஒரு பழைய மணிக்கூடாவது அகப்படும். அப்பப்பா மலாயாவில் வேலை பார்த்தபோது வாங்கியது, மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்தது என்று ஏதாவது ஒன்று. அதை எடுத்த கையோடு கடையில் கொடுத்து "புதுசு மாதிரி ஆக்கித் தாங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டயலுக்குப் புதுநிறம் அடித்து, கேஸை (வெளிக்கூட்டை) மினுக்கித் தந்துவிட்டால், அது அசலா என்று அறிய உதவும் அடையாளங்கள் போய்விடும். புள்ளி விழுந்த பழைய டயல்தான் எனக்குப் பெரிது.

எங்களுக்குப் பழக்கமான சீக்கோ 5 ஓட்டோமெட்டிக்கை, அதிலும் 7009 இயந்திரம் உள்ளதை, வைத்துப் பழகுவோம்.

ஓடுகிறதா?

கிரவுனை (பக்கத்திலுள்ள குமிழை) திருகிப் பார்த்துவிட்டு "சாவி ஏறவில்லை, பழுது" என்று முடிவுகட்ட வேண்டாம். 7009இல் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. மணிக்கூட்டைக் கிடையாகப் பிடித்து அரை நிமிடம் மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே ரோட்டர் என்ற எடைத்தகடு சுழன்று ஸ்பிரிங்கை இறுக்கும். ஓடினால் சந்தோஷம், ஆனால் நாட்கணக்கில் ஓடவிடாதீர்கள். எண்ணெய் காய்ந்திருந்தால் பாகங்கள் ஒன்றோடொன்று உரசித் தேயும். திகதியையும் இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் மாற்ற வேண்டாம், பற்சில்லு உடையலாம்.

நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தினால் காந்தம் ஏறியிருக்கக்கூடும். திசைகாட்டியின் அருகே கொண்டுபோங்கள். முள் நன்றாக ஆடினால் சந்தேகம் வலுக்கிறது. காந்தத்தை எடுப்பது திருத்துபவருக்கு ஒரு நிமிட வேலை.

அசலா?

பின்மூடியில் 7009 என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு இன்னும் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் நான்கும் இயந்திரத்தின் எண், மற்றவை கேஸின் எண். வேறாக ஆறு இலக்கத் தொடரெண்ணும் இருக்கும். அதில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்டோபருக்கு 0, நவம்பருக்கு ஆங்கில N, டிசம்பருக்கு ஆங்கில D. 95 என்று தொடங்கினால் மே 1979 அல்லது மே 1989. எந்தப் பத்தாண்டு என்பதை மொடலை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிறகு பூதக்கண்ணாடியால் டயலின் அடி விளிம்பைப் பாருங்கள், 6 மணிக்குக் கீழே. மிகச் சிறிய எழுத்தில் அங்கேயும் 7009 என்று ஒரு வரி தொடங்க வேண்டும். அந்த வரி இல்லாமல், எழுத்துகளின் ஓரம் கசிந்து, டயல் மட்டும் பளபளவென்று இருந்தால், மறுபடி நிறம் அடித்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 7009க்குப் பதில் வேறு எண்ணில் தொடங்கினால், இரண்டு மூன்று மணிக்கூடுகளைச் சேர்த்துப் பூட்டியதாக இருக்கலாம். விலை கொடுத்து வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சுவிஸ் மணிக்கூடு என்றால் ஒரு எச்சரிக்கை. 1950களின் ஒளிரும் டயல்களில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கலாம். அந்தப் பூச்சைச் சுரண்டவே கூடாது, தூசி மூச்சில் போனால் ஆபத்து. டயலின் அடியில் "T SWISS T" என்றிருந்தால் ஒளிரும் பூச்சில் இருப்பது திரிட்டியம், அதுவும் கதிரியக்கப் பொருள்தான். அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறையும் காலம், ஏறக்குறைய 12 ஆண்டுகள். 1970இல் செய்த ஒன்று இன்றைக்கும் பிரகாசமாக ஒளிர்ந்தால், பிறகு யாரோ பூசியிருக்கிறார்கள்.

திறப்பது

பின்மூடி விளிம்பின் அழுக்கைப் பல்லுக்குச்சியால் நீக்கி, ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் பந்தை அழுத்தி இடப்பக்கமாகத் திருகுங்கள். இறுக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். திறந்தால் 7009ஏ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுங்கள். முன்னும் பின்னும் ஆடும் சிறு சக்கரமான பாலன்ஸ் வீலைத் தொட வேண்டாம். எங்கள் கடற்காற்றுக்குக் கிரவுன் தண்டைச் சுற்றித்தான் முதலில் துரு பிடிக்கும், அங்கே கவனமாகப் பாருங்கள். பின்மூடியின் ரப்பர் வளையம் தார்போல இளகியிருந்தால் அதை மாற்றினால் போதும்.

தையல் மெஷின் எண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஒரு துளிகூட விடாதீர்கள். கழற்றிக் கழுவி எண்ணெய் இடுவது பழகிய கைக்குரிய வேலை. கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: டயலுக்கு நிறம் வேண்டாம், கேஸை மினுக்க வேண்டாம், கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும்.