ஈரச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்: வெள்ளம் வடிந்த பின் சேலத்து வீடுகளில் நடக்கும் தவறுகள்

ஏற்காட்டில் ராத்திரி முழுக்க மழை கொட்டினால் காலையில் திருமணிமுத்தாறு எப்படி வரும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்கு நடுவே ஓடுகிற ஆறு அது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. கீழே ஆற்றங்கரைத் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்தது.

தண்ணீர் ஓரிரு நாளில் வடிந்துவிடும். அதற்குப் பிறகு நாம் செய்கிற வேலைதான் வீட்டைக் காப்பாற்றுகிறது, இல்லையென்றால் கெடுக்கிறது. எங்கள் அம்மா வீட்டில் ஒரு வருடம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பொங்கலுக்குள் வீடு பழையபடி ஆகிவிட வேண்டும் என்று அவசரப்பட்டு, நான்கே வாரத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து முடித்தோம். சித்திரை வெயிலில் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கப் பொரிந்து உதிர்ந்தது. மறுபடி வேலை செய்ய வந்த வயதான மேஸ்திரி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, செவுரு இன்னும் தண்ணி குடிச்ச மாதிரியே இருக்குது. அதுக்கு மேல சட்டை போட்டு விட்டுட்டீங்க" என்றார். அவரிடம் கற்றதும், பிறகு சொந்தக்காரர் வீடுகளில் பார்த்ததும்தான் இங்கே எழுதுவது.

முதலில் கரண்ட். தண்ணீர் வடிந்ததும் மெயினைப் போட்டுப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது; உயிர் போகிற தவறு இதுதான். தரை காய்ந்திருந்தாலும் சுவருக்குள் ஓடும் வயர் பைப்பிலும் ஜங்ஷன் பாக்ஸிலும் தண்ணீர் தங்கியிருக்கும். மெயின் பெட்டிக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றால் அதைத் தொடவே வேண்டாம்; மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் இ.எல்.சி.பி அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைக் கழற்றி, வயரை நேரடியாக இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அது ட்ரிப் ஆவதே எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று எச்சரிக்கத்தான். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டையும் மெகர் (வயரில் மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துச் சோதித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எதுவும் மெக்கானிக் பார்க்கும் வரை பிளக்கில் ஏறக் கூடாது.

துடைப்பத்தை எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை, நனைந்த பீரோ, மிதந்த மெத்தை எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் கடன் பத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள். வங்கி சேர்த்துவிட்ட காப்பீடு உள்ளே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் பொருள்களைத் தூக்கிப் போட்டுவிட்டால் பிறகு வாதாட ஒன்றும் மிஞ்சாது. வி.ஏ.ஓ கணக்கெடுக்க வரும்போதும் இதே படங்கள் கைகொடுக்கும்.

சேறு காய்வதற்குள் அள்ளிவிட வேண்டும்; காய்ந்தால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கழுவும்போது டைல்ஸுக்கு ஆசிட் ஊற்றி, அது போதாது என்று பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

தரையடித் தொட்டியில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கும் என்று உடனே மோட்டார் வைத்து முழுக்க இறைப்பதும் தவறு. சுற்றியுள்ள மண் ஊறிப்போயிருக்கும் நேரத்தில் தொட்டி காலியானால், நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளி அடித்தளம் விரிசல் விடலாம். பிளாஸ்டிக் தொட்டியானால் மேலே கிளம்பியே விடும். செப்டிக் டேங்குக்கும் இதே கதைதான். தெருவில் தண்ணீர் இறங்கும் வரை அந்தத் தொட்டித் தண்ணீரைப் புழங்காமல் விட்டுவிட்டு, பிறகு காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். புதிதாக நிரப்பும் ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம் போதும். கலந்து ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம்.

இனி சுவர். காசு அதிகம் வீணாவது இங்கேதான்.

செங்கல் சுவர் தண்ணீரைக் கீழிருந்து மேலே இழுக்கும். அதனால் ஓதம் எப்போதும் கறைக்கு மேலேயும் ஏறியிருக்கும். வெளியே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். நடுவில் இருக்கும் ஈரம் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பட்டியும் பெயிண்டும் போட்டு வழியை அடைத்தால், தண்ணீரோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துத் தள்ளுகிறது. சுவரை விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தில், கறைக்கு ஓரடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லைக் காற்றாட விடுங்கள். கெட்டியாக இருக்கும் பூச்சைக் கொத்த வேண்டியதில்லை. பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, திரும்ப உள்ளேயே இறங்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து வாரி வெளியே கொட்டுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் பெயிண்டருக்கு இன்னும் வேலை வரவில்லை. எங்கள் வீட்டில் இரண்டாம் முறை மூன்று தடவை இப்படி ஒட்டிப் பார்த்த பிறகுதான் பட்டி பார்த்தோம்.

குகை, அம்மாபேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அதைச் சுண்ணாம்பாலேயே சரி செய்ய வேண்டும். அதன்மேல் சிமெண்ட் போட்டால் சுவர் மூச்சு விட முடியாமல் ஓதம் இன்னும் உயரத்துக்கு ஏறும். கீழே மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பதும் அதே தவறுதான். கைத்தறி இருக்கும் வீடுகளில் தறிக் குழியில் நின்ற தண்ணீரைப் பலர் மறந்தே போகிறார்கள். பலகை போட்டு மூடிவிட்டால், பக்கத்துச் சுவர் அந்தக் குழியிலிருந்தே வாரக்கணக்கில் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். இறைத்துவிட்டுத் திறந்தே வையுங்கள்.

ஏற்காட்டில் சங்கதி வேறு. அங்கே சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவருக்கு வெளியே மலைதான் இருக்கிறது. மலையிலிருந்து ஊறும் நீர் அந்தச் சுவரில் கசியும்போது உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்து ஒரு பயனும் இல்லை, மலைத் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு வரும். வெளியே சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி வாய்க்கால் வெட்டுவதும், தாங்குசுவரில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளை அடைப்பெடுப்பதும்தான் வேலை. மார்கழியில் பனி இறங்கிய பின் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெயில் ஏறிய பின் திறந்து, மாலையில் மூடிவிடுங்கள். வீட்டுக்கு மேலே சரிவில் புதிதாக விரிசலோ சாய்ந்த மரமோ தெரிந்தால் சுத்தம் செய்யும் எண்ணத்தையே தள்ளிவைத்துவிட்டு வெளியேறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

உப்பிய மரக்கதவை உடனே சீவச் சொல்லாதீர்கள். கோடையில் மரம் சுருங்கியதும் விரல் நுழையும் இடைவெளி விழும். கழற்றி நிழலில் சாய்த்து வையுங்கள், ஆசாரி பங்குனியில் வரட்டும்.

ஆள் பிடிப்பதில் நடக்கும் தவறுகளும் அவசரத்தால்தான் வருகின்றன. மழைக்குப் பின் தெருத்தெருவாக வந்து "எல்லா வேலையும் நாங்களே முடிச்சுத் தர்றோம்" என்று முழுத் தொகையும் முன்பணமாகக் கேட்பவர்களிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். கொத்தனார் வயரிங் பார்ப்பதும் பெயிண்டர் பைப் மாற்றுவதும் நமக்குத்தான் நஷ்டம். பைப்பும் சாக்கடையும் முதலில், அடுத்து எலக்ட்ரீஷியன், அதன்பின் கொத்தனார், ஆசாரி, கடைசியில் பெயிண்டர். இந்த வரிசை மாறினால் போட்ட பூச்சையே மறுபடி உடைக்க நேரும்.

பழைய பூச்சைக் கொத்துகிற வேலையில் எவ்வளவு பொள்ளல் இருக்கும் என்று ஆரம்பத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதைச் சதுர அடிக்குப் பேசினால் நல்ல பூச்சும் சேர்ந்து விழும். அதற்கு நாள் சம்பளம் சரி. புதுப் பூச்சுக்குச் சதுர அடிக் கணக்கு சரி. சிமெண்டும் மணலும் யார் வாங்குவது, குப்பையை யார் அள்ளுவது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மேஸ்திரியைப் பற்றி விசாரிக்கும்போது போன வாரம் முடித்த வீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள்; ஒரு ஐப்பசி மழையைப் பார்த்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர் என்றால் நல்லது. பூச்சு வெடித்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

செப்டிக் டேங்குக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு நொடியில் கொல்லும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் தப்ப முடியாது. லாரி வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும்.

சேறு அள்ள வரும் சித்தாள் அக்காக்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவார்கள். அவர்கள் வீட்டிலும் அதே தண்ணீர் புகுந்திருக்கும். கையுறையும் ரப்பர் பூட்ஸும் நாமே வாங்கி வைக்க வேண்டும். வெள்ளச் சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், காலில் சின்னக் கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் தொற்றலாம். வேலை முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் வேலை செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லி அனுப்புங்கள்.