எஸ்.எம்.பி.எஸ். பழுதான பிறகு கணினியின் மற்ற பாகங்களைச் சோதிக்கும் முறை

கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது பெரும்பாலும் அது மட்டுமே செயலிழக்கும். சில வேளைகளில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தை மற்ற பாகங்களுக்குள் செலுத்திவிட்டே அடங்கும். ஆகவே புதியதை வாங்கியதும் எல்லாப் பாகங்களையும் ஒருசேர இணைத்து இயக்கிப் பார்க்கக் கூடாது.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்க வேண்டாம்; பிளக்கைக் கழற்றிய பின்பும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும்) வகையாயின் அதன் கேபிள்களையும் ஒதுக்கிவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில் பின்களின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய், தப்பிப் பிழைத்த டிஸ்க்கும் எரிந்துவிடக்கூடும்.

மதர்போர்டில் கருகிய தடம், உப்பிய கெப்பாசிட்டர், உருகிய கனெக்டர் உள்ளனவா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்த பின், ப்ராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம் ஆகியவற்றை மட்டும் பொருத்தி இயக்குங்கள். ஃபேன் ஒருமுறை அசைந்து நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இயங்கினால், மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25 வரையிலும் காட்ட வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டைப் பொருத்துமுன், அதன் பவர் சாக்கெட்டில் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். தொடக்கத்தில் மிகக் குறைவாகக் காட்டி ஏறினால், கெப்பாசிட்டர்கள் மின்னேற்றம் பெறுகின்றன என்று பொருள். சுழியத்தை ஒட்டியே நின்றால் கார்டை இணைக்காதீர்கள்.

அடுத்து மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு ரேமையும் இரவு முழுவதும் சோதியுங்கள். தரவுள்ள டிஸ்க்கை இணைப்பதற்கு முன்பே இதை முடிப்பது மிக முக்கியம். பழுதான ரேம், எழுதப்படும் கோப்புகளைச் சத்தமின்றிக் கெடுத்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கடைசியாகவே இணைக்க வேண்டும். அதை இணைத்தால் மட்டும் கணினி இயங்க மறுக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம்: பல டிஸ்க்குகளின் சர்க்யூட் போர்டில் மிகை மின்னழுத்தத்தைத் தாங்கித் தானே ஷார்ட் ஆகிவிடும் பாதுகாப்பு டயோடு உண்டு; உள்ளே தட்டுகளிலுள்ள தரவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதே மாடலின் வேறொரு போர்டை மாட்டிப் பார்ப்பது பொதுவாகப் பயன் தராது. அந்தந்த டிஸ்க்குக்குரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் சிப்பில் பதிந்திருப்பதால், தரவு மீட்பு செய்வோரிடம் டிஸ்க்கை அப்படியே கொடுப்பதே நல்லது. டிஸ்க் இயங்கினால், ஸ்மார்ட் அறிக்கையை (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கை) பார்ப்பதற்கும் முன்பாக, முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிடுங்கள்.