வீட்டில் குரல் பதிவு: ப்ரீஆம்ப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

விளம்பரக் குரல், ஆடியோ புத்தகம், வர்ணனை என்று வீட்டிலிருந்தே இறங்குகிறவர்கள் மைக் வாங்கிய கையோடு கேட்கும் கேள்வி, "எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?" பெரும்பாலானவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. யுஎஸ்பி வழியாகக் கணினியில் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் உண்டு. மைக்கிலிருந்து மில்லிவோல்ட் கணக்கில் வரும் சிக்னலை, பதிவு செய்யும் அளவுக்குப் பெருக்குவது அதன் வேலை. அது உங்கள் மைக்குக்குத் தாங்குமா என்று மட்டும் பார்த்தால் போதும். (யுஎஸ்பி மைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ப்ரீஆம்ப் மைக்குக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து மாட்டவும் முடியாது.)

படி 1: மைக்கின் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள்

மைக்கோடு வரும் தாளில் இந்த எண் இருக்கும். 94 டெசிபெல் சத்தம் மைக்கில் பட்டால் எத்தனை மில்லிவோல்ட் வெளியே வரும் என்பது அதன் பொருள். ரோட் என்டி1-ஏ என்ற கன்டென்சர் (வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் வகை) மைக்குக்கு 25 மில்லிவோல்ட். ஷ்யூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் (மின்சாரம் தேவைப்படாத வகை) மைக்குக்கு 1.12 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டோடு ஒப்பிடும் டெசிபெல் அளவில் மைனஸ் 59 டிபிவி. ஒரே குரலுக்கு இரண்டும் தரும் சிக்னலில் 20 மடங்குக்கு மேல் வித்தியாசம். பாட்காஸ்ட் வீடியோக்களில் பார்த்து ஆசைப்பட்டு எஸ்எம்7பி வாங்கியவர்கள் "சத்தமே ஏறவில்லை" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். மைக்கில் கோளாறு எதுவும் இல்லை.

படி 2: இன்டர்ஃபேஸ் எவ்வளவு கெயின் தரும்?

கெயின் என்றால் சிக்னலைப் பெருக்கும் அளவு. எஸ்எம்7பி-க்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும் என்று ஷ்யூர் நிறுவனமே சொல்கிறது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் என்ற இன்டர்ஃபேஸ் வரிசையின் நான்காம் தலைமுறையில் சோலோ தருவது 57 டெசிபெல், 2ஐ2 தருவது 69. ஒரே குடும்பத்துப் பெட்டிகளிலேயே இவ்வளவு இடைவெளி இருப்பதால் பிராண்ட் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். என்டி1-ஏ போன்ற கன்டென்சர் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். எந்த இன்டர்ஃபேஸும் போதும், 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாக மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) இருந்தால் சரி.

கெயின் நாலைந்து டெசிபெல் குறைந்தாலும் குடி முழுகிவிடாது. 24 பிட்டில் பதிவு செய்துவிட்டு, மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம்.

படி 3: இரைச்சலைக் கணக்குப் போடுங்கள்

ப்ரீஆம்ப் விற்பவர்கள் பேச விரும்பாத இடம் இது. ஒவ்வொரு ப்ரீஆம்ப்பும் தானாகவே கொஞ்சம் "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சலைச் சேர்க்கும். அதைச் சொல்லும் எண் ஈஐஎன். மைனஸ் எண் பெரிதாக இருக்க இருக்க நல்லது. இன்றைய சாதாரண இன்டர்ஃபேஸ்களிலேயே இது மைனஸ் 127, 128 டிபியு (டிபிவி போலவே மின்னழுத்தத்தைச் சொல்லும் இன்னொரு டெசிபெல் அளவு) அளவில் இருக்கிறது. 150 ஓம் மின்தடை கொண்ட மைக்குக்கு இயற்பியல் அனுமதிக்கும் எல்லையே சுமார் மைனஸ் 131தான். லட்ச ரூபாய் ப்ரீஆம்ப் வாங்கினாலும் இதில் மூன்று, நான்கு டெசிபெலுக்கு மேல் மிச்சப்படுத்த வழியில்லை.

இதை அறைச் சத்தத்தோடு ஒப்பிட்டால்தான் விஷயம் புரியும். டிபிவி-யை டிபியு-வாக மாற்ற 2.2 கூட்ட வேண்டும். எஸ்எம்7பி-யின் மைனஸ் 59 டிபிவி-யோடு 2.2 கூட்டினால், சுமாராக மைனஸ் 57 டிபியு. ப்ரீஆம்ப்பின் ஈஐஎன் மைனஸ் 128 என்றால் இடைவெளி 71. 94-இலிருந்து 71-ஐக் கழித்தால் 23. அதாவது, அந்த ப்ரீஆம்ப்பின் இரைச்சல் 23 டெசிபெல் அறைச் சத்தத்துக்குச் சமம். நள்ளிரவில் ஃபேனை நிறுத்திய படுக்கையறையே சுமார் 30 டெசிபெல் இருக்கும். என்டி1-ஏ-வுக்கு இதே கணக்கைப் போட்டால் விடை பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும். அந்த மைக் வைத்திருப்பவர் இரைச்சலுக்காக ப்ரீஆம்ப் மாற்றுவது வீண் செலவு. அந்தப் பணத்தில் கனமான திரைச்சீலை வாங்கலாம்.

படி 4: பீரோ சோதனை

கணக்கில் நம்பிக்கை இல்லையா? வழக்கமாகப் பேசும் கெயினிலேயே வைத்து, பேசாமல் பத்து விநாடி பதிவு செய்யுங்கள். அப்புறம் கெயினைத் தொடாமல் மைக்கை இரண்டு, மூன்று போர்வையில் சுற்றி, துணி அடுக்கிய பீரோவுக்குள் வைத்து, கேபிள் நசுங்காத அளவுக்குக் கதவைச் சாத்தி, இன்னொரு பத்து விநாடி எடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் இரண்டின் அளவையும் பாருங்கள். பீரோவுக்குள் சத்தம் நன்றாக இறங்கினால் குற்றவாளி அறை. ஃபேன், ஃபிரிட்ஜ், தெரு என்று தேடுங்கள். இறங்கவே இல்லையென்றால் சந்தேகம் ப்ரீஆம்ப் மீதும் மைக் மீதும் திரும்புகிறது. எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக் என்றால் பெரும்பாலும் ப்ரீஆம்ப்தான்.

ஆடியோ புத்தகம் படிப்பவர்களுக்கு ஓர் அளவுகோலும் உண்டு. ஆடிபிளுக்குப் புத்தகம் அனுப்பும் ஏசிஎக்ஸ் தளம், குரல் இல்லாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது (பதிவு மீட்டரில் பூஜ்ஜியம்தான் உச்ச எல்லை). சராசரிக் குரல் அளவு மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையே, உச்சம் மைனஸ் 3-க்கு மேல் போகக் கூடாது.

படி 5: போதவில்லை என்றால்

டைனமிக் மைக், கெயின் பற்றவில்லை என்றால், முதலில் சின்ன பூஸ்டரைப் பாருங்கள். கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 சுமார் 25 டெசிபெல் ஏற்றும், ஃபெட்ஹெட் 27 டெசிபெல். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே மாட்டிவிட்டு 48 வோல்ட்டைப் போட வேண்டும். அந்த மின்சாரம் பூஸ்டரோடு நின்றுவிடும், மைக்குக்குப் போகாது. அதனால் கன்டென்சர் மைக்கோடு இவற்றைச் சேர்க்க முடியாது.

தனி ப்ரீஆம்ப் பெட்டி கடைசித் தேர்வு. அதன் குரல் நிறம் பிடித்திருக்கிறது, காசும் இருக்கிறது என்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதை இன்டர்ஃபேஸின் மைக் துளையில் செருகாதீர்கள். அப்படிச் செய்தால் சிக்னல் இரண்டாவது ப்ரீஆம்ப்பிலும் நுழைந்து, எளிதில் உடைந்து கரகரக்கும். பின்புறமோ பக்கத்திலோ இருக்கும் லைன் இன்புட்டில், டிஆர்எஸ் (முனையில் மூன்று தொடர்புகள் உள்ள கால் அங்குல பிளக்) கேபிளால் இணையுங்கள். பிறகு உங்கள் வசனத்திலேயே மிக உரக்க வரும் வரியை, ஒரு சிரிப்போடு சேர்த்துப் பேசிப் பாருங்கள். மீட்டர் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் நிற்கும் இடத்தில் கெயினை வைத்து, குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.