சிறு படகில் நங்கூரம்: போடும்போதும் எடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனி, ஞாயிறு காலையில் பினாங்குத் தீவின் பத்து மாவுங், தெலுக் கும்பார், தெலுக் பஹாங் பக்கம் போனால், தூண்டிலும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் சின்ன ஃபைபர் படகுகளைப் பார்க்கலாம். எஞ்சினுக்கு சர்வீஸ் செய்கிறார்கள், பெட்ரோலை இரண்டு தடவை சரிபார்க்கிறார்கள். நங்கூரம் மட்டும் ஏதோ ஒரு மூலையில் கயிறு சிக்கிக் கிடக்கும். ஓடாத எஞ்சின் உங்களை வீட்டுக்குத் தாமதமாக அனுப்பும். தவறாகக் கட்டிய நங்கூரமோ படகையே கவிழ்த்துவிடும்.

அதனால் ஆளைக் கொல்லும் தவறைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நங்கூரக் கயிற்றைப் படகின் பின்பக்கத்தில் கட்டாதீர்கள். ஆட்கள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள், முன்னால் ஏறிப் போவது சிரமம், மீன் பிடிக்கவும் வசதி. காரணங்கள் இப்படித்தான் இருக்கும். ஆனால் எஞ்சினின் எடை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பின்பலகை தட்டையானது, தாழ்வானது. நீரோட்டம் அதில் வந்து மோதினால் பிளந்துகொண்டு போக வழியில்லை, குவிந்து மேலே ஏறும். ஒரு அலை உள்ளே வந்தால் பின்பக்கம் இன்னும் தாழும். தாழ்ந்த இடத்தில் அடுத்த அலை சுலபமாக வரும். கயிறு இறுக்கமாக இருப்பதால் படகு மேலே எழவும் முடியாது. இதெல்லாம் நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. முன்பக்கம் அப்படியல்ல, அலையைக் கிழித்து எழும்பவே செய்யப்பட்டது. நங்கூரம் எப்போதும் முன்பக்கத்தில்தான்.

பினாங்கு ஜலசந்தியில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையில் சுமார் 3 கிலோமீட்டர்தான் அகலம். ஏறும் தண்ணீரும் வற்றும் தண்ணீரும் அந்த வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இழுப்பு பலமாக இருக்கும். பாலத்தூண்களுக்குப் பக்கத்தில் மீன் இருப்பது உண்மைதான். ஆனால் நங்கூரம் நழுவினால் தண்ணீர் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தத் தூணில்தான். தூணிலேயே கயிற்றைக் கட்டுபவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது கயிற்றின் நீளம். நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை, தரையில் கொத்திக்கொண்டு பிடிக்கிறது. அதற்கு இழுப்பு படுக்கைவாட்டில் வர வேண்டும். கயிறு குறைந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய் நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். குறைந்தது ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்றடித்தால் ஏழு மடங்கு விட வேண்டும். கணக்கில் பலரும் கோட்டை விடுவது ஏற்ற இறக்கத்தில்தான். தண்ணீர் வற்றியிருக்கும்போது ஆழம் 4 மீட்டர், படகின் முன்முனை தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். இரண்டையும் கூட்டி ஐந்து மடங்கு என்றால் 25 மீட்டர், சரி. அப்புறம் தண்ணீர் 2 மீட்டர் ஏறுகிறது. அதே 25 மீட்டர் இப்போது மூன்றரை மடங்குதான். ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, அன்றைய உச்ச ஏற்றத்துக்கு முதலிலேயே 35 மீட்டர் விட்டிருக்க வேண்டும்.

கயிறு நைலானாக இருக்கட்டும். அது இழுபடும்போது கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும். விலை குறைவு என்று வாங்கும் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு நீரின் மேலே அலைந்து புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் படகின் நீளத்துக்குக் குறையாமல் சங்கிலி வேண்டும். அதன் எடைதான் இழுப்பைத் தரையோடு வைத்திருக்கிறது, பாறையில் உராய்ந்து கயிறு அறுபடாமலும் காக்கிறது. சங்கிலியை மாட்டும் U வடிவ வளையமான ஷாக்கிளின் ஆணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள், தானாகவே கழன்றுபோகும் சாமான் அது. கயிற்றின் மறுநுனியும் படகில் கட்டியிருக்க வேண்டும்.

நங்கூரத்தின் வகையும் முக்கியம். குடைபோல மடங்கும் நான்கு கை நங்கூரம் சின்ன இடத்தில் அடங்கிவிடும், அதனால் நிறையப் பேர் அதையே வாங்குகிறார்கள். பாறையில் அது பிடிக்கும். ஜலசந்திச் சேற்றிலோ உழுதுகொண்டே வரும். சேற்றுக்கும் மணலுக்கும் அகன்ற தகடுகள் உள்ள டான்ஃபோர்த் வகைதான் பொருத்தம். தீவின் இரண்டு பக்கமும் போகிறவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்வது வீண் செலவு இல்லை.

போடும்போது வீசி எறியாதீர்கள். எறிந்தால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே குவிந்து சுற்றிக்கொள்ளும். காற்றோ நீரோட்டமோ வரும் திசையைப் பார்த்தபடி படகை நிறுத்தி, நங்கூரத்தை மெதுவாக இறக்கி, படகு பின்னால் நகர நகரக் கயிற்றை விடுங்கள். காலடியில் கயிற்றுச் சுருள் இருக்கக் கூடாது. முழு நீளமும் போனதும் கட்டிவிட்டு, எஞ்சினை ரிவர்ஸில் மெல்லக் கொடுத்துப் பாருங்கள். பிறகு கரையில் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருட்களை, ஒரு கட்டடமும் அதன் பின்னால் ஒரு மரமும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் குறித்துக்கொள்ளுங்கள். அவை விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் சுமத்ரா காற்று என்னும் சூறைக்காற்று திடீரென்று வரும். மேற்கில் கருப்பாக ஒரு வரிசை மேகம் தெரிந்ததும் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சரி, நங்கூரம் சிக்கிக்கொண்டால்?

பூலாவ் கெண்டி, முக்கா ஹெட் பக்கத்துப் பாறைகளிலும், மீனுக்காகக் கடலடியில் போட்டிருக்கும் துக்குன்களிலும் (செயற்கைப் பாறைகள்) இது அடிக்கடி நடக்கும். உடனே கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுப்பது எல்லாருக்கும் வரும் பழக்கம். ஒரு அலை படகைத் தூக்கினால் விரல் போய்விடும். இன்னும் மோசமானது, கயிற்றைப் பின்னால் கட்டி எஞ்சினை முறுக்குவது. மேலே சொன்ன அதே விபத்தை நாமே வரவழைப்பதுதான் அது. படகுக்குக் குறுக்கே கயிறு இறுகினாலும் கவிழும்.

முதலில் படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். சேற்றில் புதைந்திருந்தால், ஆட்கள் முன்பக்கம் வந்து, ஒருவர் கயிற்றை இறுக்கிக் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) ஒரு சுற்று போட்டுப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர வேண்டும். முன்பக்கம் எழும்பும்போது சேறு மெல்ல விட்டுக்கொடுக்கும். அலை பெரிதாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம், முனை தண்ணீருக்குள் இழுபடும்.

பாறை என்றால் பலம் உதவாது, திசைதான் உதவும். எந்தப் பக்கமிருந்து இழுபட்டுச் சிக்கியதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, முன்பக்கத்திலேயே கட்டி, எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து இழுங்கள். ஒருவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கட்டும், அது புரொப்பல்லர் பக்கம் போகக் கூடாது. வரவில்லையா? வானிலை நன்றாக இருந்தால் காத்திருங்கள். இங்கே சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் திசை மாறும். படகு தானாகவே மறுபக்கம் திரும்பும், பல நேரம் நங்கூரமும் தானாகவே விடுபடும்.

பாறைப் பகுதிக்கு அடிக்கடி போகிறவர்கள் முன்கூட்டியே செய்யக்கூடிய ஒன்று உண்டு. சங்கிலியை நங்கூரத் தண்டின் மேல் வளையத்தில் மாட்டாமல், கைகள் சேரும் அடிப்பகுதியில் ஷாக்கிளால் மாட்டுங்கள். பிறகு சங்கிலியைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தில் ஒரு சின்ன கேபிள் டையால் கட்டுங்கள். சாதாரண இழுப்பை அது தாங்கும். சிக்கியபின் நேர் மேலிருந்து பலமாக இழுத்தால் டை அறுந்து, நங்கூரம் தலைகீழாகப் புரண்டு வெளியே வரும். இது விழித்திருந்து மீன் பிடிக்கும்போது மட்டும். படகில் தூங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

தடிமனாக, கனமாக ஏதோ ஒன்று நங்கூரத்தோடு மெல்ல மேலே வருவதுபோல் தெரிந்தால் இழுப்பதை நிறுத்துங்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் கடலடியில் மின்கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும் போகின்றன. கடல் வரைபடத்தில் அவை குறிக்கப்பட்டிருக்கும், அங்கே நங்கூரமே போடக் கூடாது.

எதுவும் பலிக்காமல் காற்றும் ஏறுகிறதென்றால் கயிற்றை வெட்டிவிடுங்கள். அதற்காகவே கூரான கத்தி ஒன்று படகின் முன்பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கயிறு இறுகியிருக்கும்போது வெட்டினால் சாட்டைபோல் அடிக்கும், அதனால் தளர்ந்த கணத்தில் வெட்டுங்கள். நேரம் இருந்தால் நுனியில் ஒரு காலி ஐந்து லிட்டர் போத்தலைக் கட்டி, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துவிட்டு வாருங்கள். தண்ணீர் நின்றிருக்கும் இன்னொரு நாளில் போய் எடுத்துக்கொள்ளலாம். போத்தல் மிதக்கும் இடத்தைப் படகுத்துறையில் உள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள், இருட்டில் வேறு யாருடைய புரொப்பல்லரிலும் அந்தக் கயிறு சுற்றிக்கொள்ளக் கூடாது.