விலை பேசும்போதே உறையையும் பேசிவிடுங்கள்

நான் ஓய்வுபெற்ற தாதி. பால்வினை நோய்ப் பிரிவில் பணியாற்றியவள். சிங்கப்பூரில் கேலாங்கிலும் தேக்கா பக்கத்திலும் பாலியல் விடுதி எதையும் சாராமல், கைப்பேசி வழியாகவோ மதுக்கூடத்திலோ தனியாகப் பாலியல் தொழில் செய்யும் தங்கைகளுக்காக, ஆணுறையைப் பற்றியும் சோதனையைப் பற்றியும் இதை எழுதுகிறேன். நல்லது கெட்டது சொல்ல வரவில்லை. அதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

விடுதிகளை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே அதிகாரிகளின் கண்காணிப்பில் நடக்கும் விடுதிகளில் இருப்பவர்களுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை உண்டு. தேதி வந்தால் போயே ஆகவேண்டும். தனியாக இருப்பவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். பணத்துக்கு உறவுகொள்வது மட்டுமே சிங்கப்பூரில் குற்றமில்லை. ஆனால் பொது இடத்தில் ஆள் அழைப்பதும், விடுதி நடத்துவதும், அந்த வருமானத்தில் இன்னொருவர் பிழைப்பதும் குற்றம். வெளிநாட்டவராக இருந்தால் திருப்பி அனுப்பப்படவும் கூடும். அந்தப் பயத்தில் பலர் மருந்தகத்தின் பக்கமே வருவதில்லை. நோய்க்கு அதுதான் வசதி.

1990களின் நடுவில் இங்குள்ள விடுதிப் பெண்களில் ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. 2002க்குள் அது 90 விழுக்காட்டைத் தாண்டியது. வெட்டை நோய் (கொனோரியா) பல மடங்கு குறைந்தது. உறையைக் கையில் கொடுத்ததால் மட்டும் வந்த மாற்றம் இல்லை இது. வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதையே பயிற்சியாகக் கொடுத்தார்கள். விடுதி நடத்துவோரையும் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். உங்களுக்குப் பின்னால் விடுதிக்காரர் இல்லை. ஆகவே பேச்சு இன்னும் கூர்மையாக இருக்கவேண்டும்.

எப்போது பேசுவது? பணம் கைமாறுவதற்கு முன், ஆடை கழற்றுவதற்கு முன், முடிந்தால் அறைக்குள் நுழைவதற்கும் முன். குறுஞ்செய்தியில் விலை அனுப்பும்போதே "உறையோடு மட்டும்" என்று சேர்த்து அனுப்பிவிடுங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு பேசினால் அது பேரமாகிவிடும். முன்பே சொன்னால் நிபந்தனை. பிடிக்காதவன் வராமலே இருப்பான், அது நட்டமில்லை.

வந்த பிறகும் சிலர் ஆரம்பிப்பார்கள். "நான் சுத்தமானவன்" என்பான். சண்டை போடாதீர்கள். "நீங்கள் சுத்தம்தான் அண்ணே. எனக்கு நேற்று வந்தவனைப் பற்றித் தெரியாதே, உங்களுக்கு ஏன் அந்த வம்பு?" என்று பழியைத் தூக்கி நேற்றைய ஆள்மேல் போடுங்கள். "கல்யாணமானவன்" என்றால் இன்னும் எளிது: "அப்படியென்றால் வீட்டில் இருக்கும் அக்காவுக்காகவாவது போடுங்கள்." "உணர்ச்சியே வராது" என்பவனுக்கு மெல்லிய உறை ஒன்றைக் காட்டி, உள்ளே ஒரு சொட்டு நீர்த்தன்மையுள்ள வழவழப்புக் களிம்பு விட்டு நீங்களே மாட்டிவிடுங்கள். பாதிப் பேர் அதோடு அடங்கிவிடுவார்கள். "ஐம்பது வெள்ளி கூடத் தருகிறேன்" என்பவனிடம்தான் எச்சரிக்கை. உங்களுக்கு முன்னால் எத்தனை பேருக்கு அதே ஐம்பது வெள்ளியைக் கொடுத்திருப்பான் என்று யோசியுங்கள். அவனிடம் இரண்டாம் தடவை விளக்கம் வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுங்கள். குடித்திருந்தால் வாக்குவாதமே வேண்டாம். எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று தோழி ஒருத்திக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

இப்போது உறை. காலாவதித் தேதியைப் பாருங்கள். பொட்டலத்தை விரலால் அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரியவேண்டும். பல்லால் கிழிக்காதீர்கள், ஒட்டு நகம் வைத்திருப்பவர்கள் விரல் நுனியின் சதையால் திறக்கவேண்டும், நகக்கீறல் கண்ணுக்குத் தெரியாது. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிய பிறகே அடிவரை உருட்டவேண்டும். முடிந்ததும் அவன் தளர்வதற்கு முன், அடிப்பகுதியைப் பிடித்தபடி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அவிழ்ந்து உள்ளே தங்கிவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு உறை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உரசிக் கிழியும்.

நம்மவர்கள் வீட்டில் எப்போதும் இருப்பது தேங்காயெண்ணெய். அதையோ, வாசலினையோ, குழந்தைக்குத் தடவும் எண்ணெயையோ ரப்பர் உறையோடு சேர்த்தால் சில நிமிடங்களில் அது வலுவிழந்துவிடும். மருந்துக்கடையில் நீர்த்தன்மையுள்ள களிம்பு கிடைக்கும், அதை மட்டும் வாங்குங்கள்.

வாய்வழி உறவுக்கு உறை தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். வெட்டை நோயும் மேகப்புண்ணும் (சிபிலிஸ்) தொண்டை வழியாகவும் வரும். தொண்டையில் வந்த வெட்டை நோய் பெரும்பாலும் வலிக்காது, இருமலும் தராது. அதனால் மருந்தகத்தில் வாயைத் திறந்து கேளுங்கள்: "தொண்டையிலும் மாதிரி எடுங்கள்." பின்வழி உறவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சிறுநீரையும் ரத்தத்தையும் மட்டும் சோதித்து அனுப்பிவிட வாய்ப்புண்டு. வெட்கம் வேண்டாம், அவர்கள் காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உறை கிழிந்துவிட்டால் டெட்டால் ஊற்றி உள்ளே கழுவாதீர்கள். உள்தோல் புண்ணாகி, தொற்று ஏறுவது இன்னும் எளிதாகும். வெளியே தண்ணீரால் கழுவினால் போதும். எச்.ஐ.வி தொற்றாமலிருக்க 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகலாம். செலவு கணிசமாக ஆகும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கருத்தரிக்காமலிருக்க அவசர மாத்திரையையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சோதனைக்கு மறுநாளே ஓடிப்போய், "ஒன்றுமில்லை" என்று கேட்டு நிம்மதியடைவது பயனில்லாத வேலை. வெட்டை நோய்க்கும், கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றுக்கும் இரண்டு வாரம் கழிந்தால் நம்பலாம். மேகப்புண் ரத்தத்தில் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். எச்.ஐ.விக்கு ஆய்வகத்தில் செய்யும் இன்றைய ரத்தச் சோதனை என்றால் 45 நாள், விரல் நுனியில் குத்திச் செய்யும் உடனடிச் சோதனை என்றால் மூன்று மாதம். தொடர்ந்து வேலை செய்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்குக் கிளமிடியா பெரும்பாலும் சத்தமே போடாது, கருக்குழாயைக் கெடுத்த பிறகுதான் தெரியவரும். மேகப்புண் வலிக்காது, தானாகவே ஆறிவிடும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும்.

இடம்: கிளந்தான் லேன், புளோக் 31, டிஎஸ்சி மருந்தகம். ரோச்சோர் அல்லது ஜாலான் புசார் எம்ஆர்டியில் இறங்கி நடக்கலாம். தேக்காவிலிருந்தும் நடை தூரம்தான். பால்வினை நோய்க்கென்றே இருக்கும் பொது மருந்தகம் இது. எச்.ஐ.வி சோதனைக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் என்ற தொண்டு அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. பெயரும் அடையாள அட்டையும் கேட்காத சோதனையை நடத்துகிறது. பெயர் கொடுத்துச் செய்யும் சோதனையில் எச்.ஐ.வி உறுதியானால் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். வேலை அனுமதியில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே போகவேண்டும். தனியாகப் போகத் தயங்குபவர்கள் புராஜெக்ட் எக்ஸ் அமைப்பை அணுகலாம். இந்தத் தொழிலில் இருப்பவர்களின் உரிமைக்காக நடப்பது அது.

கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், ஆறு மாதத்தில் மூன்று ஊசி. எச்.ஐ.வி வராமலிருக்க அன்றாடம் சாப்பிடும் பிரெப் மாத்திரையைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். அது வெட்டை நோயையோ மேகப்புண்ணையோ தடுக்காது.

இனி சொல்வதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரும். வாடிக்கையாளரிடம் கறாராக இருக்கும் பெண், வீட்டில் இருப்பவரிடம் உறையை விட்டுவிடுகிறாள். "அவரிடமும் போட்டால் அவரும் வாடிக்கையாளர்போல் ஆகிவிடுவாரே" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். புரிகிறது. ஆனால் அவர் எங்கே போய்வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. உறையை விடத்தான் வேண்டுமென்றால் இருவரும் ஒரே நாளில் சோதனை செய்யுங்கள், மூன்று மாதம் உறையோடு இருங்கள், மறுபடி சோதனை செய்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தாளைக் காட்ட மறுக்கும் ஆண், பதிலைச் சொல்லிவிட்டான்.

நோய் வந்துவிட்டால் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை விழுங்காதீர்கள். வெட்டை நோய்க்குப் பழைய மாத்திரைகள் பல இப்போது வேலை செய்வதில்லை, ஊசிதான் போடவேண்டும். மேகப்புண்ணுக்கு இடுப்பில் பென்சிலின் ஊசி. பென்சிலின் ஒவ்வாதவர்கள் முன்பே சொல்லிவிடவேண்டும். வீட்டுக்காரருக்கும் சேர்த்து மருத்துவம் பார்க்காவிட்டால் அவரிடமிருந்தே மறுபடியும் தொற்றிக்கொள்ளும். சிகிச்சை முடிந்தும் ஒரு வாரம் உறவு கூடாது, உறையோடும் கூடாது. ஒரு வார வருமானம் போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் கை நிறையக் காசு வரும் மாதத்தில் ஒரு வாரப் பணத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். அது இல்லாதவர்கள்தான் மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.