புது லேப்டாப்பில் குறையா? ரிட்டர்ன் நாள் முடியும் முன் பிடியுங்கள்

ஆன்லைனில் வாங்கும் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் அவகாசம். அதனால் பெட்டியின் சீலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பெட்டியிலும் லேப்டாப்பின் அடியிலும் உள்ள சீரியல் எண் அதில் தெளிவாகத் தெரியட்டும்.

முதலில் திரை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒரே நிறப் படங்களைத் திரை முழுக்க வைத்துப் பாருங்கள். நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி உடனே கண்ணில் படும். கறுப்புப் படத்தை மட்டும் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்; ஓரங்களில் வெளிச்சம் கசிந்தால் தெரிந்துவிடும். இதை ஒத்திப்போட வேண்டாம். ஒன்றிரண்டு புள்ளிகளுக்காகப் பல நிறுவனங்கள் வாரண்டியில் திரையை மாற்றித் தருவதில்லை. அப்புறம் கீபோர்டு, எல்லா யுஎஸ்பி போர்ட்டுகள், கேமரா, ஸ்பீக்கர்.

குறை இருந்தால் போனில் பேசியதோடு விடாமல் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். "ஒரு அப்டேட் போட்டுப் பாருங்க சார்" என்றே நாளைக் கடத்துவார்கள், அதற்குள் ரிட்டர்ன் தேதி போய்விடும். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், குறையை எழுதிய ஜாப் ஷீட் (லேப்டாப்பைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சீட்டு) இல்லாமல் வெளியே வராதீர்கள்.

அதற்கும் மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.