பாதி வேகத்தில் இழுத்த கடலோர கேசட்

என் மாமா கடலோரத்தில் குடியிருந்த காலத்தில் சின்தசைசரில் வாசித்துப் பதிந்த கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. டெக்கில் போட்டபோது முதல் பக்கம் அடித்தொண்டையில் இழுத்தது. மறுபக்கத்தில் வெறும் இரைச்சல். ஹெட்டைச் சுத்தம் செய்தும், பெல்ட்டை மாற்றியும், டால்பி என்ற இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்தும் பயனில்லை. இரைச்சல் நீக்கும் மென்பொருளோ அலையோசையையும் சேர்த்தே துடைத்தது.

மறுபக்கத்தைக் கூர்ந்து கேட்டபோதுதான், ஒவ்வொரு மணியோசையும் மெல்லப் பெருகி, உச்சத்தில் சட்டென்று அறுபடுவதைக் கவனித்தேன். அது தலைகீழாக ஓடும் ஒலியின் அடையாளம். ஆக, இது பக்கத்துக்கு இரண்டாகப் பிரிக்காமல் நாடாவின் நான்கு ஒலித்தடங்களையும் ஒரே திசையில், பெரும்பாலும் வினாடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் பதியும் வீட்டு ரெக்கார்டரில் செய்தது; சாதாரண டெக் ஓடுவதோ 4.76 சென்டிமீட்டரில்.

இரு பக்கங்களையும் 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) கணினியில் ஏற்றி, மறுமாதிரி எடுக்காமல் வீதத்தை மட்டும் 96 என்று மாற்றிக் குறித்து வேகத்தை இரட்டிப்பாக்கி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப்போட்டேன். டெக்கின் வேகம் ஓட்டத்துக்கு ஓட்டம் சற்றே மாறுவதால், தொடக்கத்தை மட்டும் பொருத்தினால் போதாது. கடைசித் தாளத்தட்டையும் பொருத்தி, இடைப்பட்டதை நீட்டிச் சரிசெய்ய வேண்டும். நான்கு தடங்களும் சேர்ந்து ஒலித்தபோது பெருமூச்சு விட்டேன்.